முகாம் வரட்டும்

சமையலறை இருட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

அதே முக்காலி. ஜன்னலில் மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் அதே குனிந்த முதுகு. வலக்கை இடது அக்குளுக்குள் செருகியிருந்தது, குளிருக்கு ஒடுங்கியதுபோல.

வெளியே பங்குனி வெக்கை இன்னும் தணியவில்லை.

மனைவி தெய்வானையைச் சுடுகாட்டில் எரித்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

“ஆரது?”

“நாந்தானுங்ப்பா.”

மகள் சுகந்தி. மாரியம்மன் நோம்பிக்கு ஈரோட்டிலிருந்து வந்தவள். கையைச் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவருக்கு மூச்சு திரும்பியது.

“லைட்டுப் போட்டுக்கலாமல்ல, அம்மிணி?”

“சும்மா உக்காந்திருக்கறதுக்கு எதுக்குங் வெளிச்சம்?”

அவள் அம்மாவின் பேச்சு. எழுத்துப் பிசகாமல்.

இந்த வீட்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்ததில்லை. மூன்று நூற்பாலைகள் வந்த பிறகும் எரிந்ததில்லை. வெளியே போனவர் திரும்பும்வரை வாசல் விளக்கு மட்டும் எரியலாம். தெய்வானை மனசறிந்து செய்த ஒரே வீண் செலவு அது.

பஞ்சு விலை சாய்ந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் மில்லுகள் வரிசையாக ஏலத்துக்குப் போயின. அவருடையதில் ஒரு ஷிப்டுகூட நிற்கவில்லை. கடன் இல்லை. கார் பழசு, டிரைவர் கிடையாது. சிக்கனத்தால்தான் நானூறு வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை அவர் இன்றும் நம்புகிறார்.

அந்த நானூறு வீட்டுக்காரர்களுக்காக வருஷத்துக்கு ஒருமுறை மில்லில் இலவச மருத்துவ முகாம். கோவையிலிருந்து பெரிய டாக்டர்கள் வருவார்கள். அதற்கு மட்டும் கை இழுத்துப் பிடித்ததில்லை.

சாவதற்கு முந்தின வருஷ முகாமில், பெண்கள் வரிசையில் தெய்வானை நின்றாள்.

கையில் டோக்கன். முன்னும் பின்னும் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பெண்கள். முதலாளியம்மா முன்னால போங்க என்று விலகினார்கள். அவள் போகவில்லை.

மேடையில் அவர் கையில் மைக் இருந்தது. “எம்பட சம்சாரத்தைப் பாருங்க, வரிசையில நிக்கறா,” என்றார். பந்தல் முழுக்கக் கைதட்டல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையில்.

மேடையை விட்டு இறங்கியதும் டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டார். ஏன் இத்தனை நாள் விட்டீங்க என்றார்.

அக்குளில் கட்டி தட்டுப்பட்டது முந்தைய முகாம் முடிந்த மாதம். அன்றிலிருந்து தெய்வானை அடுத்த முகாமுக்காகக் காத்திருந்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மில்லை விற்றிருப்பார். அவர் வேண்டாமென்று என்றைக்கும் சொன்னதில்லை.

அவள் என்றைக்கும் கேட்டதில்லை.

சுகந்தி முக்காலியிலிருந்து எழுந்தாள். எழும்போது இடது தோள் ஒரு கணம் தயங்கியது.

அவர் அதைப் பார்த்தார்.

“அக்குள்ல என்ன, கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்ப்பா. சின்னதா கட்டியாட்ட. வலிகூட இல்லை.”

“எப்பருந்து?”

“பொங்கலுக்கு முந்தி.”

“ஆருகிட்டயும் காட்டலியா?”

“வைகாசில நம்ம முகாம் வருதல்லங். டாக்டரம்மா அங்கயே வந்துருவாங்க. அதுக்குள்ள வெளிய போயி எதுக்குத் தண்டம் அழுவறது?” அவள் சிரித்தாள். “நீங்க வளத்த புள்ளதானுங்ப்பா.”

அவர் விளக்கைப் போட்டார்.

வெளிச்சத்தில் மகளின் முகம் மகளின் முகமாகவே இருந்தது. முப்பத்தெட்டு வயது. நெற்றியோரம் ஒரு நரை.

கார்ச் சாவி எங்கே என்று நினைவில்லை. கூடத்தில் தேடினார். படுக்கையறையில், பூஜையறையில், மாடியில். போன இடத்திலெல்லாம் விளக்கைப் போட்டார். எதையும் அணைக்கவில்லை. சாவி சட்டைப்பையில் இருந்தது.

“ஏறு. கோயமுத்தூர் போலாம்.”

“இப்பவா? நாளைக்குப் போலாமுங்ப்பா.”

“ஏறு, சாமி.”

அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. ஏறினாள். கதவைப் பூட்டிவிட்டு வந்து அவர் வண்டியைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டும்போது சுகந்தி திரும்பிப் பார்த்துப் பதறினாள்.

“அப்பா, லைட்டு அத்தனையும் எரியுது. ஒரு நிமிசம் நிறுத்துங், ஓடிப்போய் அமத்திட்டு வந்தர்றேன்.”

“எரியட்டும்.”

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து வலக்கை மெல்ல அக்குளுக்குள் போனது.

மண்பாதை நீளம். தென்னைகளுக்கு நடுவே அந்த வீடு கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே வந்தது. கல்யாண வீடுபோல் ஜொலித்தது. கட்டிய நாளிலிருந்து அப்படி ஒருநாளும் அது ஒளிர்ந்ததில்லை.

மாடி விளக்கு அணைந்தது.

பிறகு படுக்கையறை. பிறகு கூடம். அவசரமில்லாமல், ஒருத்தி ஒவ்வோர் அறையாக நடந்து வரும் நிதானத்தில்.

கடைசியில் சமையலறை.

அவர் மகளிடம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தவுமில்லை. தார்ச்சாலையில் திரும்புமுன் ஒருமுறை மட்டும் கண்ணாடியைப் பார்த்தார்.

வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.