மடி நிறையப் பைகள்

களமருதூரில் ஏறிய கல்லூரிப் பெண்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார்ந்திருக்கிற அருள்மொழியின் மடியில் ஒவ்வொருத்தியாகப் பையை வைத்துவிட்டு மேல்கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றாவது பைக்கு அடியில் அவளுடைய கைப்பை காணாமல் போகிறது, நான்காவது பை ஜன்னலில் பாதியை மறைக்கிறது. பைகளின் மேல் காலை வெயில் கம்பி கம்பியாக ஓடுகிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே கள்ளக்குறிச்சி பஸ்ஸில், யார் எவரென்று தெரியாத மடிகளில் அவளும் இப்படித்தான் பையை இறக்கிவைத்துவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாள். அடியில் கைப்பைக்குள் போன் அடிக்கிறது. ஆபீஸ் மேனேஜராகத்தான் இருக்கும்; ஒன்பது மணியானால் அவருக்குக் கை சும்மா இருக்காது. "அக்கா, போன் அடிச்சிக்கினே இருக்குது. பைய எடுத்துக்கட்டுமா?" என்கிறாள் பக்கத்தில் நிற்கிறவள். "வுடும்மா, அடிக்கட்டும்." மேலே இருக்கிற பையின் சூடு அவள் கையில் இறங்குகிறது, கூடவே உருளைக்கிழங்கு வறுவல் வாசனை. அருள்மொழியால் சும்மா இருக்க முடியவில்லை. "டப்பால இன்னா, உருளக்கெழங்கா? எங்க செட்டுல பை வச்சிக்கினு வந்தா ஒரு கெழங்கு குடுத்துடணும். அதான் கூலி." பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். பைக்குச் சொந்தக்காரி குனிந்து ஜிப்பை இழுத்து, டப்பா மூடியைத் திறந்து நீட்டுகிறாள். "இப்ப கூலி ரெண்டு, அக்கா." வேகத்தடையில் பஸ் ஏறி இறங்க, நாலு பேரும் சிரித்தபடி அவள்மேல் சாய்கிறார்கள். போன் மறுபடியும் அடிக்கிறது. வாயில் ஒரு கிழங்கும் விரலெல்லாம் மிளகாய்த்தூளுமாக அருள்மொழி இரண்டாவதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.