ஓர் அளவு சின்னது

அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மடியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம். அதைக் கறுப்புக் கவரில் வேறு போட்டுக் கொடுத்திருந்தார் மெடிக்கல் கடைக்காரர். உள்ளே ஓர் ஆணுறைப் பெட்டி. அவள் புருஷன் வழக்கமாக வாங்குவதைவிட ஓர் அளவு சின்னது.

அவன் கடைவீதிக்குப் போயிருந்தான். பிள்ளைகள் அத்தை வீட்டில். சாயங்காலம்தான் வருவார்கள்.

வேலை சின்ன வேலைதான். பீரோவில் அவன் வேட்டிக்கு அடியில் இருக்கும் பெரிய அளவுப் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சின்னதுகளை அதற்குள் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். விளக்கை அணைத்த பிறகு அவன் உறையில் அச்சடித்த நம்பரையா படிக்கப் போகிறான்?

ஆனாலும் சொந்த வீட்டில் திருட வந்தவள் மாதிரி வியர்த்தது.

வேறு வழி இல்லை. சொல்லிப் பார்த்தாயிற்று.

போன தீபாவளி கழிந்ததும் நாள் தள்ளிப் போனது. இரண்டு போதும் என்று இருந்தவளுக்கு மூன்றாவது. காப்பர்-டி ஒத்துக்கொள்ளாமல் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கலைத்துவிட்டு வந்தாள். அங்கிருந்த நர்ஸம்மா ஒளிவுமறைவு தெரியாத மனுஷி.

“இறுக்கமா இருந்தா கிழியும், லூசா இருந்தா கழண்டுக்கும். உங்களுக்குக் கழண்டுருக்கு. அளவு பெருசும்மா. சரியானத வாங்கச் சொல்லுங்க.”

அவன் சாப்பிடும்போது அதை அப்படியே சொன்னாள்.

பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவினான். இரண்டு நாள் பேச்சில்லை.

அவனுக்கு எதையும் பெரிசாகத்தான் வாங்க வேண்டும். சட்டை தோளில் நிற்காது. செருப்பு குதிகாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், தாராளமாக இருக்கட்டுமே என்பான். சட்டையும் செருப்பும் தாராளமாக இருந்தால் அவளுக்கென்ன நஷ்டம். இது அவள் வயிற்றில் அல்லவா வந்து விடிகிறது.

அதற்கப்புறம் அவள் படுக்கையைப் பிள்ளைகள் அறைக்கு மாற்றிக்கொண்டாள். சின்னவனுக்கு இருமல் என்றாள்.

இருமல் நின்று மாதக்கணக்காகிறது.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் திரும்பிப் போகவில்லை.

பயம்தான், வேறொன்றும் இல்லை. அவன்மேல் ஆசை விட்டுப்போயிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அது விடமாட்டேன் என்றது. ஆசைப்பட்டும் அலுத்தாள், பயந்தும் அலுத்தாள். எங்கேயாவது கொண்டுபோய் இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தெரிந்த முகம் வராத கடையாகப் பார்த்துப் போனாள். முதலில் தலைவலி மாத்திரை. அப்புறம் ஒரு தைலம். கூட்டம் கலையட்டும் என்று நின்று, கடைசியாகக் கேட்டாள்.

“இப்ப யூஸ் பண்றது எதும்மா?”

சொன்னாள். அதைவிடச் சின்னது வேண்டும் என்றும் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

எழுந்து பீரோவைத் திறந்தாள்.

வேட்டியைத் தூக்கிப் பெரிய பெட்டியை எடுத்தாள். கட்டில்மேல் கவிழ்த்தாள். உறைச் சரம் அறுபடாமல் முழுசாக வந்து விழுந்தது. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

தன்னுடைய பெட்டியையும் பிரித்துப் பக்கத்தில் கொட்டினாள்.

இரண்டும் ஒரே நிறம்.

கலந்துவிட்டேனோ என்று திடுக்கிட்டாள். இல்லை. அவனுடையது தலையணைப் பக்கம், தன்னுடையது இந்தப் பக்கம். இரண்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய் நம்பரைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

இரண்டும் சின்னது.

பெட்டி மட்டும்தான் பெரிசு.

புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவனும் ஆள் தெரியாத கடையாகத் தேடிப் போயிருக்கிறான். கூட்டம் கலையக் காத்து நின்றிருக்கிறான். சின்னது என்று வாயைத் திறந்து கேட்டிருக்கிறான். வாங்கி வந்து, பழைய பெட்டிக்குள் போட்டு, வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அவள் வருவாள் என்று இருந்திருக்கிறான்.

பாவமாக இருந்தது. கன்னத்தில் நாலு அறை விடலாம் என்றும் இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

“வடிவு, என்ன, உள்ள தாழ்ப்பாள் போட்டுருக்க?”

அவள் எதையும் ஒளிக்கவில்லை. அப்படியே போய்த் திறந்தாள்.

கையில் கறிப் பையோடு நின்றவன் கட்டிலைப் பார்த்தான். உடனே சுவரைப் பார்த்தான்.

“எப்ப வாங்குனீங்க?”

“பொங்கலுக்கு முந்தி.”

இப்போது ஆடி.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்லச் சொல்ற?”

குரலில் கோபம் இல்லை. அவளைவிட அலுத்திருந்தான். முன்பின் தெரியாத கடைக்காரரிடம் இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, ஒருவரிடம் ஒருவர் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

“அது சரியா இருக்குமா?” என்றாள்.

“யாருக்குத் தெரியும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் அவன் வாசற்படியிலேயே நின்றான்.

“அந்தக் கறிய ஃப்ரிட்ஜுல வச்சிட்டு வாங்க.”