முன் பிரேக்

"கடைசியா இந்த வண்டியைத் தொட்டது நீங்கதானே, அண்ணே?"

மெக்கானிக்கின் கையிலிருந்த துணி நழுவியது. லோடு வேனிலிருந்து இறக்கிய பழைய மோட்டார் சைக்கிள் முன்சக்கரம் கோணிக்கொண்டு பட்டறை வாசலை மறித்து நின்றது. அதன் பக்கத்தில் நின்றவள் கண்டிராக்டரின் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்னால் மலைப்பாதை இறக்கத்தில், இதே வண்டியிலிருந்து விழுந்துதான் கண்டிராக்டர் போய்ச் சேர்ந்தார்.

"ஆமாம்மா. அவர் விழுறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் சர்வீஸ் முடிச்சு எடுத்துட்டுப் போனார்."

"தெரியும். இதை ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க. முன்னாடி மட்டும் அந்தப் பழைய டிரம் பிரேக் வேணாம். டிஸ்க் போட்டுடுங்க. தொட்டா நிக்கணும்."

"யார் ஓட்டப் போறாங்க?"

"நான்தான்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மெக்கானிக் வண்டியைக் கடைக்குள் இழுத்து வைத்தார்.

கண்டிராக்டர் வேகமாகப் போனார், விழுந்தார் என்று எழுதிப் போலீஸ்காரர்கள் ஃபைலை மூடிவிட்டார்கள். மெக்கானிக் மட்டும் ஸ்டேஷன் காம்பவுண்டில் கிடந்த வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். பிரேக் டிரம்மின் மூடித் தட்டை, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நட்டு இருந்த இடம் காலியாக இருந்தது. அது இல்லாமல் பிரேக்கை அழுத்தினால் அந்தத் தட்டும் சேர்ந்து சுழன்று, சக்கரம் அப்படியே இறுகி, ஓட்டுகிறவரைத் தூக்கி எறிந்துவிடும்.

அந்த நட்டைக் கையால் திருகி வைத்த நேரத்தில்தான் அன்றைக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோச்சு என்று மனைவி கத்தினாள். பேசி முடித்து வந்து ஸ்பானரை வைத்து முடுக்கினாரா, இல்லை அப்படியே விட்டுவிட்டாரா? எட்டு மாதமாக மண்டையைக் குடைந்தும் பிடிபடவில்லை. சோறு இறங்கவில்லை. அதற்குப்பின் எந்த வண்டிக்கும் பிரேக் வேலை எடுக்கவில்லை.

அவள் தினமும் மதியம் வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டியைப் பார்க்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள், நசுங்கிப்போன டிரம்மைக் கழற்றக் குனிந்தவர், ஸ்பானருக்காகக் கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். கேட்காமலே பதினேழாம் நம்பர் ஸ்பானர் கைக்கு வந்தது.

"இதுதானே வேணும்?" என்றாள்.

ஏதாவது பேசவேண்டுமே என்று, "கண்டிராக்டர் இருந்தா இந்த வண்டிகிட்ட யாரையும் அண்ட விடமாட்டார். நான் கைவெச்சாக்கூட மூஞ்சி சுருங்கும்" என்றார்.

அவள், எலும்பு சரியாகக் கூடாமல் வளைந்திருந்த தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "ஆமா. கைவைக்கிற வேலையெல்லாம் அவருக்கு மட்டுந்தான்."

நான்காம் நாள் வேலை முடிந்தது. புது ஃபோர்க், புது டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற புது காலிப்பர். ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, லிவரை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. ஒவ்வொரு நட்டையும் மூன்று தடவை முடுக்கினார். நாலாவது தடவையும் ஸ்பானரை எடுத்து வைத்தார்.

அவள் எழுந்து கிட்ட வந்தாள்.

"ஒரு விஷயம் கேக்கணும்ணே. இந்த நட்டெல்லாம் தானா கழண்டுக்குமா?"

"சரியா முடுக்கியிருந்தா கழலாதும்மா."

"அப்படியும் கழண்டா?"

"முடுக்கினவன் மேலதான் தப்பு."

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கும்மா சுத்தி வளைச்சுக் கேக்குறீங்க? உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான்தான். நான்தான் உங்க வீட்டுக்காரரைக் கொன்னுட்டேன். அந்த நட்டை முடுக்காம விட்டுட்டேன்."

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே என்னால முடியாது. இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். ஃபைலைத் திரும்பவும் தொறங்க, அந்த நட்டு எங்கன்னு தேடுங்கன்னு எழுதிக் குடுத்துடறேன். என்ன தண்டனை குடுத்தாலும் சரி."

சட்டையைத் தேடி எழுந்தார். அவள் விறுவிறுவென்று வாசலுக்குப் போய், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு ஷட்டரைப் பிடித்து இடுப்பளவுக்கு இழுத்துவிட்டாள். கடைக்குள் இருட்டு கவிந்தது.

செருப்பைக் கழற்றப் போகிறாள் என்று நினைத்து, மெக்கானிக் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. காதுக்குப் பக்கத்தில் குரல்தான் கேட்டது.

"ஸ்டேஷனுக்கெல்லாம் போகாதீங்கண்ணே. நீங்க நல்லா இறுக்கித்தான் முடுக்கியிருந்தீங்க... கழட்டறதுக்குள்ள எனக்கு அரைமணி நேரமாயிடுச்சு."