யாரோ தட்டுகிறார்கள்

"மெஷின நிறுத்தச் சொல்லுங்க அண்ணே! உள்ள யாரோ தட்டுறாங்க!"

லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினாள் நிரோஷா. மீட்புக் குழுத் தலைவர் சந்திரசேகரன் கையை உயர்த்த, இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது.

ஜார்ஜ் டவுனில் பாதி கட்டியிருந்த அடுக்குமாடியின் ஒரு பக்கம் அன்று காலை சரிந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டது வெல்டர் தனேஷ் மட்டும்தான் என்றார்கள். மிச்சப் பகுதியும் சரியுமா என்று கண்காணிக்க, பொறியாளர் நிரோஷா தூண்களில் உணர்கருவிகளை ஒட்டியிருந்தாள். அவற்றில்தான் அந்தத் துடிப்பு.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே லா."

"நம்ம காதுக்குக் கேக்காதுண்ணே. தூணுக்குக் கேக்குது."

"எந்த இடம்? மலை மாதிரி கெடக்கு. தப்பா தோண்டினா மிச்சமும் விழுந்துரும்."

"இதே கட்டடத்தக் கம்ப்யூட்டர்ல கட்டி வச்சிருக்கேன், இடிஞ்ச மாதிரியே. அதுல கம்ப்யூட்டரே ஒவ்வொரு எடமா, மெதுவா, பலமா, தட்டிப் பாத்துக்கிட்டே வருது. எங்க தட்டுனா இங்க வர்ற அதிர்வோட ஒத்துப்போகுதோ, அங்கதான் ஆளு."

தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி தனேஷின் மனைவி குமுதா அழுதாள். "அந்தச் சூப்பர்வைசர் மோகனராஜ் மொத ஆளா வெளிய ஓடினத நாலு பேர் பாத்திருக்காங்க. இப்ப போன்கூட எடுக்க மாட்டேங்கிறான். அவன் நல்லா இருப்பானா?"



திரையில் அலைந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளி மெல்ல மெல்லச் சுருங்கி, ஒரு மூலையில் நின்றது.

"படிக்கட்டுக்குப் பின்னால! தட்டுறதுல வலு கொறஞ்சிட்டே வருதுண்ணே, சீக்கிரம்!"

கையாலேயே கல்லையும் கம்பியையும் அகற்றினார்கள். ஒரு பலகையை விலக்கியதும் தூசிக்குள் தனேஷின் முகம் தெரிந்தது. உயிர் இருந்தது.

இத்தனை பெரிய குவியலில் சரியாக இதே இடம்! சந்திரசேகரன் அங்கிருந்தே நிரோஷாவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் நம்ப முடியாமல் எழுந்து நின்றிருந்தாள்.

"விடாம தட்டினியே தம்பி, அதான் உன்னக் காப்பாத்துச்சு" என்றார், அவன் முகத்தைத் துடைத்தபடி.

தனேஷ் தலையை அசைத்தான்.

"நான் தட்டலண்ணே. ரெண்டு கையும் உத்திரத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு. எனக்குப் பின்னால பாருங்க... வெளிய ஓடினவரு, நான் கத்துனதக் கேட்டு என்னத் தூக்கத் திரும்பி உள்ள வந்தாரு. மோகன் அண்ணேதான் தட்டிக்கிட்டே இருக்காரு."