வர மறுத்த டப்பா

மூன்று நாளாகக் காற்று ஓயவில்லை. எதிரே இருக்கும் தீவுக்குப் போகவேண்டிய படகு கரையிலேயே கிடந்தது.

"எத்தனை நாள்தான் மண்ணுல கிடக்குறது? தீவுப் படகெல்லாம் நம்மளப் பயந்தாங்கொள்ளின்னு சிரிக்கும். கிளம்பு!" என்று படபடத்தது படகின் பாய்.

படகுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சரி, போவோம்" என்றது.

"நீங்க போங்க, நான் வரல" என்றது படகுக்குள் கிடந்த பழைய பெயின்ட் டப்பா. உள்ளே ஏறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது அதன் வேலை.

"தகர டப்பாவுக்கு இவ்வளவு திமிரா?" என்றது பாய்.

"திமிர்தான். போன தடவையும் நீதான் துள்ளுனே. நடுக்கடல்ல கிழிஞ்சு தொங்குனே. கரை சேர்ற வரைக்கும் கடலை அள்ளி வெளிய கொட்டுனது யாரு?"

சொன்னதோடு நிற்காமல், டப்பா படகின் விளிம்பைத் தாண்டிக் குதித்து மணலில் குப்புறப் படுத்துக்கொண்டது. பாய் திட்டித் தீர்த்தது. படகு கெஞ்சிப் பார்த்தது. டப்பா அசையவில்லை. அது இல்லாமல் கடலில் இறங்கப் படகுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஐந்தாம் நாள் காற்று தணிந்தது. கடல் குளம்போலக் கிடந்தது. பாய் விரிவதற்குள் டப்பா படகில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்கு ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள வராது. உனக்கு இங்க என்ன வேலை?" என்று எரிந்து விழுந்தது பாய்.

"அதனாலதான் வர்றேன்" என்றது டப்பா.