சங்குப் பால்

"முழுச் சங்கு பிடிச்சியா, இல்ல நேத்து மாதிரி அரைச் சங்கோட விட்டுட்டியா?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் அழகம்மாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மருமகள் சிவரஞ்சனி, ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். கையில், பிள்ளைக்கென்று அவள் அண்ணன் வாங்கிவந்த வெள்ளிச் சங்கு. விளிம்பு வரைக்கும் தாய்ப்பால்.

"முழுசாத்தான் அத்தை. படுங்க."

அறுபது வயது அழகம்மாள், மருமகள் மடியில் தலையை வைத்து மல்லாந்து படுத்தாள். சிவரஞ்சனி ஒரு கையால் மாமியாரின் இமையைப் பிரித்து, மறு கையால் சங்கைச் சாய்த்தாள். சொட்டுச் சொட்டாகப் பால் கண்ணுக்குள் விழுந்தது.

"அப்பாடி, குளுகுளுன்னு இருக்கு ஆத்தா. வீணாப் போறது என் கண்ணுலயாச்சும் விழட்டுமே."

ஆதனக்கோட்டை ரோட்டோரம் முந்திரிக்கொட்டை வறுத்து உடைத்து விற்கிறவள் அழகம்மாள். வருசக்கணக்காய் அந்தப் புகையிலேயே நின்ற கண்கள். இமை ஓரமெல்லாம் தடித்துச் சிவந்து, விடிந்தால் பீளை ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. திறந்தால் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். இப்போதெல்லாம் பஸ் போர்டுகூடக் கலங்கலாகத்தான் தெரிகிறது. பார்வை போய்விடுமோ என்று பயம் வந்த பிறகுதான் புதுக்கோட்டை டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பேச்சுக் கொடுத்தாள். "கூட வர்றது மகளா?"

"மருமக. ஆனா எனக்குத் தாயி மாதிரி. தெனம் பால் குடுக்குறாளே!" அழகம்மாள் தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள்.

"குடுத்து வச்சவுக நீங்க. எம் மருமககிட்ட ஒரு வாய் காப்பித்தண்ணி வாங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்."

சிவரஞ்சனி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அவ்வளவுதான், சிவரஞ்சனிக்கு ரவிக்கை முன்பக்கம் நனைந்துபோனது. முந்தானையை இழுத்து இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"நெஞ்செல்லாம் கட்டிக்கிட்டு வலிக்குது அத்தை. தாங்க முடியல."

"கொஞ்சம் பொறுத்துக்கத்தா. வீட்டுக்குப் போயி சாயந்தரச் சங்கு பிடிச்சாச் சரியாப் போயிரும்."

உள்ளே இளவயசு டாக்டரம்மா. "என்னென்ன மாத்திரை சாப்புடுறீங்க பாட்டி? எடுத்துக் காட்டுங்க" என்றார்.

அழகம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை மேசையில் கவிழ்த்தாள். பிரசர் மாத்திரை, சுகர் மாத்திரை. கூடவே விழுந்த, பிரிக்காத சின்ன அட்டை ஒன்றை மட்டும் சட்டென்று எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"அது என்ன?"

"அது எனக்கில்லம்மா. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில குடுத்து விட்டது. ஒடம்புக்கு ஆகாதுன்னு நான்தான் வாங்கி வச்சிருக்கேன்."

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். இமையை மெல்லப் பிதுக்கிப் பார்த்தார். "கண்ணு காய்ஞ்சு போச்சு பாட்டி. இமை ஓரத்துல எண்ணெய் வர்ற துவாரமெல்லாம் அடைச்சுக் கெடக்கு."

"காய்ஞ்ச கண்ணா? நல்ல கூத்தா இருக்கே! எந்நேரமும் தண்ணியாக் கொட்டுது."

"காயுறதாலதான் உறுத்தி உறுத்திக் கொட்டுது. ஆமா, கண்ணுல என்ன ஊத்துறீங்க?"

"கண்ட மருந்தெல்லாம் ஊத்துறதில்லம்மா. தாய்ப்பால்தான். காலையில ஒரு சங்கு, சாயந்தரம் ஒரு சங்கு. எம் மருமக தங்கம். ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாலா? அது இமையில காய்ஞ்சு, கிருமி சேந்து, அதான் இப்படிப் புண்ணாக் கெடக்கு! இனிமே ஒரு சொட்டுப் பால் கண்ணுல படக் கூடாது. இது ஒரேயடியாத் தீர்ற நோவு இல்ல, தெனமும் பாத்துக்கணும். சொட்டு மருந்து எழுதித் தாரேன். மெத்துனு ஒரு துணிய வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, இமை மேல ஒத்தடம் வைங்க."

"கண்ணு அவிஞ்சிராதுல்ல?"

"நான் சொல்றத மட்டும் செஞ்சீங்கன்னா அவியாது."

அழகம்மாளுக்கு மூச்சு வந்தது. "துணிக்கு என்னம்மா, வீட்டுல தூளிச் சேலை சும்மாதான் கெடக்கு. நல்லா நைஞ்ச சேலை. கிழிச்சுக்கிறேன்."

டாக்டரம்மா கோபம் மறந்து சிரித்துவிட்டார். "நல்ல அப்பத்தாதான் நீங்க! பேரப்பிள்ளையோட பாலத்தான் எடுத்துக்கிட்டீங்க. தூளியையும் எடுத்துக்கிட்டா அது எங்க தூங்கும்?"

அழகம்மாள் குனிந்து, சுருக்குப் பையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். போட்ட முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சு.

"பிள்ளை தங்கல டாக்டர். பெறந்த அன்னைக்கே போயிருச்சு" என்றாள் சிவரஞ்சனி.

பிறகு மாமியார் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"இப்பவாச்சும் அந்தப் பால் வத்துற மாத்திரையக் குடுங்கத்தை."