வழிகாட்டிக்கு வாய்ப்பூட்டு

இதை முதலில் சொன்னவர் முத்தியால்பேட்டை ஹேமலதா. லாசுப்பேட்டையில் இருக்கும் தம் அக்காள் சுலோசனாவின் காரை விற்றுக்கொடுக்கப் போன இடத்தில் நடந்தது.

அக்காள் கணவர் ராமலிங்கம் காலமாகி இரண்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. காரை வாங்க வருபவர், அதிலுள்ள வழிகாட்டிக் கருவி வேலை செய்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதுவோ, ஆண்டுக்கணக்காக ‘சிக்னல் இல்லை’ என்பதைத் தவிர வேறொன்றும் காட்டியதில்லை.

“வேப்பமரத்துக்குக் கீழ நிக்குதுல்ல, அதான் சேட்டிலைட்டு கெடைக்கல. வெளிய எடுத்துப் பாக்கறேன்” என்றார் ஹேமலதா.

திறந்த வானத்தின் கீழ் நிறுத்தியாயிற்று. அணைத்துப் போட்டாயிற்று. காத்திருந்தும் ஆயிற்று. திரையில் அதே இரண்டு சொற்கள்.

“மாமா இத ஒரு தடவகூடவா கடையில காட்டல?”

“எத்தன வாட்டி சொன்னேன்! ‘இருக்கட்டும், நீதான் இருக்கியே’ன்னுடுவாரு. கடலூருக்குப் போறதுக்கே முக்குக்கு முக்கு எங்கிட்ட வழி கேப்பாரு.”

“இதோ இருக்கற கடலூருக்கா? நல்ல கூத்துக்கா! காசு செலவாயிடுமேன்னு இருந்திருப்பாரு.”

ஹேமலதா கருவியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். முன்கண்ணாடியின் அடியில், விரிப்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஆண்டெனா இருந்தது. அதைச் சப்பாத்தி சுருட்டும் வெள்ளித்தாளால் இறுகச் சுற்றி, மேலே கறுப்பு டேப்பும் ஒட்டியிருந்தது.

“அக்கா, இது தானா கெட்டுப் போகல. சிக்னல் வரக்கூடாதுன்னு வேணும்னே சுத்தி வெச்சிருக்குது.”

“அவரத் தவிர இந்த வண்டிய யாரும் தொட்டதில்லியேடி.”

“அப்ப மாமாதான். எங்க போறாரு, வராருன்னு இதுல பதிஞ்சிடும்ல? நமக்குத் தெரியாம எங்கியோ போய் வந்திருக்காரு. கட்டின பொண்டாட்டிகிட்ட இன்னா மறைப்பு வேண்டிக் கெடக்குது?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால், அக்காளின் முகம் அதற்குள் சுருங்கிவிட்டிருந்தது.

“பிரிச்சு எறி. இன்னிக்கே வித்துடு. எனக்கு இந்த வண்டியும் வேணாம், அந்த மனுசன் நெனப்பும் வேணாம்.”

தாளைப் பிரித்ததும் சற்று நேரத்தில் திரையில் வரைபடம் விரிந்தது. ஹேமலதா தம் வீட்டு முகவரியைக் கொடுத்து, சோதித்துப் பார்க்க வண்டியைக் கிளப்பினார். சுலோசனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதல் முக்கு வந்தது. பழக்கத்தில் சுலோசனாவின் வாய் திறந்தது. அதற்குள், “வலப்புறம் திரும்பவும்” என்றது கருவி.

அடுத்த முக்கிலும் அப்படியே.

“பரவால்லியே! இனிமே நீ வாயே தொறக்க வேணாம்க்கா” என்று சிரித்தார் ஹேமலதா.

“வண்டிய நிறுத்துடி.”

அக்காளின் குரலைக் கேட்டுப் பதறி, ஓரமாக நிறுத்தினார்.

“எம்பொண்ணு தீபலட்சுமிய வாரிக் குடுத்தப்புறம் நான் எப்படியிருந்தேன், ஞாபகமிருக்கா?”

“மறக்குமாக்கா? ஒரு வருசம் யாருகிட்டயும் ஒரு வார்த்த பேசலியே நீ. ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப் போனாரே மாமா.”

“அப்பதான் ஒருநாள், மிசினு வேல செய்யல, வழி தெரியலன்னு நடுரோட்டுல நிறுத்திட்டாரு. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிச்சுத் திட்டறான். இவரு அசையாம என் மூஞ்சியவே பாத்துகினு இருக்காரு. பொறுக்க முடியாம, ‘இடது பக்கம்’னேன். தீபா போனப்புறம் நான் பேசின மொத வார்த்த அதான்டி.”

பிரித்துப் போட்ட வெள்ளித்தாளை ஹேமலதா கையில் எடுத்தார்.

“அதக் கேட்டதும் ஸ்டியரிங்குல தலைய வெச்சு, குலுங்கிக் குலுங்கி அழுதாரு. வழி தெரியலியேன்னு அழுவறாருன்னு நெனச்சிட்டேன்டி, ஹேமா.”